முக்கால் அளவுக் கட்டில்

அத்தியாயம் 14

வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரமும் பாப்பா சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மூன்று தடவை தொண்டையைச் செருமினாள். கடைசியில் "தண்ணி வேணுமா?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகச் சில வரிகள். பாப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது. அண்ணனுடைய கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறாள். அங்கே வாட்ச்மேன்கூட அவளைப் 'பாப்பா மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் ஏழைகளுக்காக அடுக்குமாடி கட்டுகிறார். தான் இருக்கப் பதினோரு அறை வைத்துக் கட்டிக்கொண்டவர், ஏழைக்கு இருநூற்று எழுபது சதுர அடி போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

பாப்பா வாழ்க்கைப்பட்ட தெருவில் நூற்றுப் பன்னிரண்டு தகரக் கூரை வீடுகள். அந்தத் தெருவைத்தான் அண்ணன் கேட்கிறார். இடத்தை விட்டுக்கொடுத்தால் இரண்டு வருஷத்தில் குடும்பத்துக்கு ஒரு ஃபிளாட். அதற்குத் தெருச் சங்கத்தின் செயலாளர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வாரமே தகரத்தைப் பிரித்துவிடுவார்கள். செயலாளர் வேறு யாருமில்லை, பாப்பாவின் புருஷன்தான்.

ஃபிளாட் எப்படி இருக்கும் என்று காட்ட, பக்கத்து மனையில் எழும்பி நிற்கும் முதல் பிளாக்கில் ஒரு மாதிரி வீடு தயார். அதிலுள்ள கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி எல்லாமே முக்கால் அளவில் செய்தவை. ஆறேகால் அடி இருக்க வேண்டிய கட்டில் நாலடி எட்டு அங்குலம். சாமான் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும். வித்தை அவ்வளவுதான். தச்சருக்குப் போன வரைபடங்களைப் போட்டவள் பாப்பா. அதைத்தான் அவள் மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் முழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு மூன்று மணிக்குத் தெருக்காரர்கள் மாதிரி வீட்டைப் பார்க்கிறார்கள். நாலு மணிக்குக் கையெழுத்து.

காலை ஏழு மணிக்கு செயலாளர் கண்ணாடி முன்னால் நின்றார். பிழைப்புக்கு வயரிங் வேலை. ஆனால் செயலாளர் ஆன நாளிலிருந்து சட்டைப் பையில் டெஸ்டர் வைப்பதை விட்டுவிட்டு இரண்டு பேனா வைக்கிறார். ஒன்று எழுதாது.

"ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் பாப்பா.

"சாயங்காலம் சொல்லு."

"சாயங்காலம் சொன்னா பிரயோஜனம் இல்லைங்க. அந்த மாதிரி வீடு இருக்குல்ல..."

"மச்சான் அசத்திட்டாரு! நேத்து வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தேன். ஹால் மைதானம் மாதிரி இருக்கு. நம்ம ஜனங்களுக்குப் போய் இப்படி ஒரு வீடு கட்டித் தர்றாரேன்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"அந்தச் சாமானெல்லாம்..."

"சாமானும் அவரே தர்றாரான்னு கேக்கறியா? பேராசைப்படாதே. உன் அண்ணன்னா அள்ளிக் கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?" சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எங்கே இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, "செயலாளருக்கு ஆயிரம் வேலை" என்ற பதில் மட்டும் வந்தது.

இந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று. சுவர் குறுக்கே பேசாது, அதனால் சுவரே மேல் என்று தோன்றியது பாப்பாவுக்கு. அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. சொல்லாத பழியைக் கேட்காதவன் தலையில் கட்டிவிடலாம் அல்லவா?

முன்னறையில் மாமியார் தையல் மிஷினில் இருந்தாள். தெருவே அவளை டெய்லரம்மா என்று கூப்பிடும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், சீருடைத் துணி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அறுபத்திரண்டு வயதில் காலால் மிதிக்கும் மிஷினை அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்தால், இந்தக் குடும்பம் யார் காலில் நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மாமியார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லை அத்தை."

"ஒண்ணுமில்லைன்னா வேலைக்குக் கிளம்பு. வெளிச்சத்தை மறைக்காதே."

கிளம்பினாள். அந்த வீட்டில் அவளிடம் சுற்றி வளைக்காமல் பேசுகிற ஒரே ஆளிடமும் சொல்லவில்லை.

மாதிரி வீட்டை அண்ணி காலை பத்து மணியிலிருந்தே ஜோடித்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் பிளாஸ்டிக் திராட்சை. ஜன்னலில் பிளாஸ்டிக் செடி. சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, அறையை இரண்டாகக் காட்ட. உள் கதவுகளைக் கழற்றிப் பின் படிக்கட்டுக்கடியில் போட்டாயிற்று. கதவு இருந்தால் திறக்க இடம் வேண்டுமே. சாமான்கள் எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு ரிப்பன். பார்க்கலாம், தொடக் கூடாது, உட்காரவே கூடாது.

"பாலிஷ் புதுசுன்னு சொல்லிடு பாப்பா. இவங்க கையும் காலும் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா?" என்றாள் அண்ணி.

பாப்பாவுக்குத் தெரியும். அந்தக் கையும் காலும் உள்ள வீட்டில்தான் பதினோரு வருஷமாகக் குடித்தனம் செய்கிறாள். ஆனாலும் தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலுக்குத்தான் கம்பெனியில் அவளுக்கு நல்ல பெயர்.

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. கட்டடம் கட்டுகிற இடத்துக்கு வெள்ளைச் செருப்பில் வருகிறவர் சிமெண்ட்டை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"எப்படி இருக்கு?" என்று தங்கையைக் கேட்டார்.

"அண்ணா, ரூம் உண்மையிலயே அவ்வளவு மோசமில்லை. உள்ளபடியே காட்டியிருந்தாலும் பாதிப் பேர் சம்மதிச்சிருப்பாங்க."

"பாதிப் பேரை வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு முழுத் தெரு வேணும்." அவள் தோளைத் தட்டினார். "நீ வரையிறவ. வரைஞ்சுட்டே. அதோட விடு."

அதோடு விட்டாள். மூன்று மாதம் முன்பும் இதையேதான் சொன்னார், அப்போதும் விட்டாள்.

மூன்று மணிக்குத் தெரு வந்தது. முப்பது நாற்பது பேர் படியேறி முதல் மாடிக்கு வந்து, செருப்பை வெளியே கழற்றி, பத்துப் பத்துப் பேராக உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கட்டில், மேசை, நாலு நாற்காலி, அலமாரி, இத்தனையும் போட்டு நடக்கவும் இடமிருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, செயலாளர் அதைத் தானே கட்டியதுபோல நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் சொன்னேனே! மச்சான் பேச்சுல ஒரு அங்குலம் மாறாது."

அங்குலம் என்ற வார்த்தை கேட்டதும் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியார் கடைசியாக வந்தாள். திராட்சையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. அறை வாசலில் நின்று சுவரிலிருந்து சுவருக்கு ஒரு தடவை கண்ணை ஓட்டினாள்.

"எல்லாம் சரி. என் மிஷினை எங்க வைக்கிறது?"

அந்தத் தெருவில் பாதி வீடு வீடும் இல்லை, கடையும் இல்லை, இரண்டும் சேர்ந்தது. துணி தேய்ப்பவருக்குத் தேய்க்கும் மேசை, ரேடியோ ரிப்பேர் செய்பவருக்குப் பலகை, டெய்லரம்மாவுக்கு மிஷின். மாதிரி வீட்டில் சாப்பிட மேசை இருந்தது, தூங்கக் கட்டில் இருந்தது. சம்பாதிக்க மட்டும் ஒரு மூலை இல்லை. ஏழைகள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதோ, ஜன்னல் ஓரமா எவ்வளவு இடம் கிடக்கு பாரும்மா!" என்றார் செயலாளர்.

"பார்த்தாப் போதாது. வெச்சுப் பார்த்துட்டுத்தான் நான் சரின்னு சொல்லுவேன். என் பொழைப்புடா அது."

"தாராளமா வெச்சுப் பாருங்களேன்!" என்றாள் அண்ணி, வாயெல்லாம் பல்லாக. "ஒண்ணு இல்லை, ரெண்டு மிஷின் வைக்கலாம்!"

அண்ணி காலையிலிருந்து அந்தக் குட்டிச் சாமான்களுக்கு நடுவிலேயே வளைய வந்ததில், அவை குட்டி என்பதையே மறந்துபோயிருந்தாள். தான் விரித்த வலையில் தானே தூங்குகிறவர்களை என்ன செய்வது? அண்ணன் கீழே யாருடனோ போனில் இருந்தார். செயலாளரோ தேய்ப்பவருடைய தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, தெருவை நோக்கி ஓட்டமும் நடையுமாய்ப் போய்க்கொண்டிருந்தார். மச்சானுடைய பெருமையைத் தன் கையாலேயே நிரூபிக்கக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா?

பாப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். அண்ணியின் காதைக் கடித்திருந்தாலே போதும். சொல்லவில்லை. மூன்று வாரம் வாயை மூடி வைத்தது கோழைத்தனம். இந்த இருபது நிமிஷம் மூடி வைத்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.

மிஷின் வந்தது. செயலாளரும் தேய்ப்பவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றி, மூச்சு வாங்க உள்ளே கொண்டு வந்தார்கள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இறக்கினார்கள்.

அறை சுருங்கிப்போனது.

மூன்றடி நீளப் பலகை வைத்த சாதாரணத் தையல் மிஷின். எல்லோரும் இருபது வருஷமாகப் பார்த்துப் பழகியது. அது கட்டிலின் பாதி நீளத்தைத் தாண்டி நின்றது. மேசையைவிட முக்கால் சாண் உயரமாக நின்றது. மேசை உட்காரும் மணையாகிவிட்டது, நாற்காலி பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது ஆகிவிட்டது. அலமாரி தேய்ப்பவரின் தோளுக்குக்கூட எட்டவில்லை. இத்தனை நேரம் அதன் பக்கத்தில் யாரும் போய் நிற்காததால் அது தெரியவில்லை.

"என்னடா இது, என் மிஷின் வளர்ந்துடுச்சா?" என்றாள் மாமியார்.

தேய்ப்பவர் சிவப்பு ரிப்பனைத் தூக்கிவிட்டு உள்ளே புகுந்து கட்டிலில் படுத்தார். அவர் அப்படியொன்றும் நெட்டையில்லை. முழங்காலுக்குக் கீழே பாதிக் கால் வெளியே தொங்கியது.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பாலிஷ்! பாலிஷ் புதுசு!" என்று கத்தினாள் அண்ணி. இந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை.

சத்தம் கேட்டு அண்ணன் மேலே வந்தார். கட்டிலில் ஒருவர், அதற்குப் பக்கத்தில் மிஷின், சுற்றிலும் நாற்பது முகங்கள். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். அவர் இந்த உயரத்துக்கு வந்தது வீடு கட்டியதால் இல்லை, இந்த மாதிரி நொடிகளில் சமாளித்ததால்தான்.

"யாருக்குத் தம்பி காது குத்தப் பார்க்கறீங்க?" என்றாள் மாமியார்.

"அய்யய்யோ, இதென்னம்மா பேச்சு!" அண்ணன் கட்டிலைக் குனிந்து பார்த்தார், இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல. "அளவு தப்பா வந்திருக்கு. தச்சர் வரைபடத்தைப் பார்த்துத்தான் செஞ்சிருப்பாரு. அந்த வரைபடம் யார் போட்டது? வேணும்னா எடுத்துட்டு வரச் சொல்றேன், அடியில கையெழுத்து இருக்கும்." பிறகு, ரொம்பவும் வருத்தப்படுகிறவர்போல, "உங்க மருமகதாம்மா போட்டது. பாப்பா, அளவைத் தப்பாப் போட்டுட்டியாம்மா? பரவாயில்லை, மனுஷங்கதானே."

நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அண்ணன் நீட்டியது நல்ல கயிறு. பிடித்துக்கொண்டால் எல்லோரும் கரையேறலாம். 'ஆமாம், தப்பாப் போட்டுட்டேன்' என்றால் போதும். அவள் வேலை நிலைக்கும், அண்ணன் உறவும் நிலைக்கும். நாலு நாள் தெரு அவளைக் கிண்டல் செய்யும், அப்புறம் மறந்துவிடும். அவள் வாய்கூடப் பாதி திறந்துவிட்டது.

ஆனால் பத்து வருஷத்தில் ஒரு கோடு தப்பாகப் போடாதவள் அவள். இந்த வெள்ளைச் செருப்புக்காரர், நேர்க்கோடு ஒன்று போடத் தெரியாதவர், தன்னைத் தப்புப் போட்டவள் என்கிறார். அதைத்தான் பாப்பாவால் தாங்க முடியவில்லை. தெருவுக்காக வராத ரோஷம் கோட்டுக்காக வந்தது. வெட்கம்தான், ஆனால் நடந்தது அப்படித்தான்.

"நான் தப்பாப் போடலை" என்றாள். "முக்கால் அளவு கேட்டீங்க. சரியா முக்கால் போட்டேன். ஒரு நூல்கூட மாறலை."

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

"எதுக்குன்னு தெரிஞ்சேவா போட்டே?" என்று கேட்டாள் மாமியார்.

"தெரிஞ்சேதான் அத்தை."

மாமியார் அவளை நேராகப் பார்த்தாள். பாப்பா கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

"அப்ப அளவு தெரிஞ்ச நீயே சொல்லு. நெஜக் கட்டில் போட்டா என் மிஷின் எங்க நிக்கும்?"

"நிக்காது அத்தை. கட்டில் இருந்தா மிஷின் இருக்காது. மிஷின் இருந்தா நீங்க தரையில படுக்கணும். கதவையும் மாட்டினா அதுவும் முடியாது."

"கதவு வேற இல்லையா?" என்றார் தேய்ப்பவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபடி.

அதற்குமேல் அங்கே ஒருவரும் நிற்கவில்லை. வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் திராட்சையில் ஒன்றைப் பிய்த்து அண்ணியின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

"இன்னைக்குக் கையெழுத்து கிடையாது" என்றாள் மாமியார். "டேய், அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடு."

செயலாளர் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாக்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எந்தப் பேப்பரும்மா?" என்றார் அண்ணன். இப்போது அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளை காலையிலயே போட்டுக் குடுத்துட்டாரே. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மத்தியானமே அனுப்பியாச்சு. இது சும்மா ஒரு மரியாதைக்குத்தான், எல்லாரும் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்னு." போனை எடுத்துக் காதில் வைத்தபடி படியிறங்கினார். அண்ணி திராட்சையோடு பின்னால் போனாள்.

மூன்று பேரும் ஒரு மிஷினும் மிச்சம்.

"எப்படா போட்டே?"

"எட்டு மணிக்கும்மா. கார்ல."

"வீட்டைக்கூடப் பார்க்காம?"

"வாசல்ல நின்னு பார்த்தேனே."

"என்னடா குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலைம்மா! சத்தியமா எதுவும் வாங்கலை!" குரல் உடைந்தது. தான் கெட்டவனில்லை என்று நிரூபிக்கத் துடிக்கிறவரின் குரல். "கூப்பிட்டாரு. பின்னாடி ஏறப் போனேன். 'மாப்ளே, நீங்க எதுக்குப் பின்னாடி, முன் சீட்டுல உட்காருங்க'ன்னாரு. ரெண்டு ரவுண்டு போனோம். அப்புறம் பேப்பரை நீட்டினாரு..."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டை ஒரு முன் சீட்டுக்கு விற்காமல், கொஞ்சம் அதிகமாகக் கேட்டிருக்கலாம். இவரைவிடத் தான் உசத்தி என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, பாப்பா மேடம் என்று கூப்பிட்டதற்காகத் தான் என்னவெல்லாம் வரைந்து கொடுத்தோம் என்பது நினைவு வந்தது. உசத்தி போய்விட்டது.

மாமியார் மகனைத் திட்டவில்லை. மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"பாப்பா, நீ அந்தப் பக்கம் பிடி."

செயலாளர் ஓடி வந்தார். "நான் தூக்கறேம்மா, கனமா இருக்கு."

"நீ விடு. உனக்குத்தான் முன் சீட்டு இருக்கே."

இரண்டு பெண்களும் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். திருப்பத்தில் மிஷினைச் சுவரில் சாய்த்து நின்றபோது மாமியார் மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"நீ ஒத்துக்கிட்டது நல்லது. ஆனா நீ வரைஞ்சதை நான் மறக்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

"மறக்க வேண்டாம் அத்தை."

"அந்த ரிஜிஸ்டர் ஆபீசை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"அஞ்சரைக்கு."

பாப்பா மணி பார்த்தாள். நாலே முக்கால். முக்கால் அளவு கேட்டு அண்ணன் அனுப்பிய கடிதம் கம்பெனிக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் காட்டிப் பதிவை நிறுத்தச் சொல்லலாம். கம்ப்யூட்டர் அறையின் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. அதை எப்போது கேட்டு ஆள் அனுப்புவார்கள் என்பதுதான் தெரியவில்லை. கீழே தேய்ப்பவர் வண்டியோடு காத்திருந்தார்.

"அப்ப தூக்கு" என்றாள் மாமியார். "கை நழுவினா உன் கால்லதான் விழும், பார்த்துக்க."